கருணைக்கு ஐம்பது மதிப்பெண்

பல்கலைக்கழகத்தில் பணக்காரப் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள் என்று ஊரில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. அது பல்கலைக்கழகத்தின் காதுக்குப் போனதும், சும்மா இருக்க முடியாமல் ஒரு குழு போட்டார்கள். குழு பதினோரு மாதம் உட்கார்ந்தது, எழுந்தது, நாலு வெளிநாடுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தது. கடைசியில் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தது. மதிப்பெண்ணை டியூஷன் வைத்து வாங்கிவிடலாம், கருணையை அப்படி வாங்க முடியாது. ஆகவே சேர்க்கையில் இனி படிப்புக்கு ஐம்பது, கருணைக்கு ஐம்பது. சேர விரும்பும் ஒவ்வொருவரும் ஓர் ஏழை வீட்டில் நூறு மணி நேரம் சேவை செய்து, அந்த வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். "இனி ஏழைகள் இல்லாமல் இந்தப் பல்கலைக்கழகத்துக்குள் ஒருவரும் நுழைய முடியாது" என்று துணைவேந்தர் அறிவித்தபோது கைதட்டல் அடங்கவே இல்லையாம்.

தையல்காரருக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. மூன்றாவது மாடியில் ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை. ஜன்னலோரம் தையல் மெஷின். மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். ஒரே மகள், பள்ளியின் கடைசி வருடம். கட்டடங்கள் கட்டும் படிப்புப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. ரோட்டில் பாலம் கட்டுகிற இடத்தைத் தாண்டும்போதெல்லாம் நின்றுவிடுவாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

ஒருநாள் காலை அளவு நாடாவும் கையுமாக மூன்று பேர் படியேறி வந்தார்கள். ஏதோ சீருடை ஆர்டர் என்று தையல்காரர் வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றார். வந்தவர்கள் அவரை அளக்கவில்லை. அறையை அளந்தார்கள். சமையலறையை அளந்தார்கள். ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்து, அது முழுதாக மூடவில்லை என்று தெரிந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அவர்களில் கண்ணாடி போட்ட அம்மாள் கருணைப் பிரிவின் அலுவலர்.

"வாழ்த்துகள். உங்க வீடு ஏ கிரேடு" என்றார் அவர்.

தையல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட அவர் ஏ வாங்கியது கிடையாது. "எதுலம்மா?"

"ஏழ்மையில. அங்கீகரிக்கப்பட்ட எளிய இல்லம், நாற்பத்தொண்ணாம் நம்பர். பசங்க வந்து சேவை செய்வாங்க. நீங்க செய்யவிட்டாப் போதும்."

"எங்களுக்குச் சேவையெல்லாம் எதுக்கும்மா? என் பொண்ணே எல்லாம் பார்த்துக்குது."

"இது உங்களுக்காக இல்லைங்க, பசங்களுக்காக. உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கில்ல? பல்கலைக்கழகத்தோட நீங்க ஒத்துழைச்சா நாளைக்கு அவளுக்கும் நல்லதுதானே?"

மகளுக்கு நல்லது என்ற ஒரு வார்த்தைக்காகத் தையல்காரர் கையெழுத்துப் போட்டார். அவர் போடப்போகிற நூற்றுக்கணக்கான கையெழுத்துகளில் அது முதலாவது.

அடுத்த வாரமே பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். கீழே தெருவில் கார்கள் வரிசையாக நின்றன. வேளைக்கு ஆறு பேர், நாளைக்கு இரண்டு வேளை. எல்லாருக்கும் சேவை செய்ய ஆசை, ஆனால் வீட்டில் இருந்ததோ பதினேழு பாத்திரம். முதல் பெண் கழுவி வைத்ததை இரண்டாவது பையன் கழுவினான். அவன் கழுவியதை மூன்றாமவள் துடைத்துவிட்டு, துடைத்ததை அழுக்கு என்று நினைத்து மறுபடி கழுவினாள். அவர்கள் போனதும் மகள் வந்து எல்லாவற்றையும் எடுத்து ஒழுங்காகக் கழுவினாள். பாவம், அந்தப் பிள்ளைகள் பாத்திரத்துக்கு உள்பக்கமும் ஒன்று உண்டு என்று அறியாதவர்கள்.

மூன்றாவது வாரத்தில் அழுக்குப் பாத்திரத்துக்குப் பஞ்சம் வந்துவிட்டது. "நாளைக்கு வர்ற புள்ளைங்களுக்குப் பாத்திரம் வேணுமேங்க" என்று மனைவி கையைப் பிசைந்தாள். எதிர்வீட்டு அக்காவிடம் போய் அழுக்குப் பாத்திரம் கடன் கேட்டாள். முதலில் சிரித்த அக்கா பிறகு பழகிக்கொண்டாள். இரண்டு மாதத்தில் அந்தக் கட்டடத்து ஆறு வீட்டுப் பாத்திரங்களும் நாற்பத்தொண்ணாம் நம்பருக்கு வந்துதான் போயின.

பாத்திரம் கிடைக்காதவர்கள் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். போன வாரம்தான் அடித்தது என்று சொன்னால் முகம் வாடிவிடும், அதனால் தையல்காரர் சொல்வதில்லை. முப்பத்தோரு பூச்சு விழுந்தது. ஆணி அடித்த இடமெல்லாம் மறைந்து, சட்டை மாட்ட இடமில்லாமல் போனது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சேவைக்குப் பிறகு படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும், அதுதான் அவருடைய உயிரை வாங்கியது. தலைக்குப் பதினான்கு கேள்விகள். 'பணியின்போது மாணவர் கண் கலங்கினாரா?' என்பது ஆறாவது கேள்வி. தையல்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். ஒரு காண்ட்ராக்டர் மகனுக்கு, 'கலங்கினார், வெங்காயம் உரித்தபோது' என்று எழுதினார். அன்று மாலையே காண்ட்ராக்டரின் மனைவி மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தாள்.

"வெங்காயத்தை எதுக்கு எழுதுனீங்க? அவன் நெஜமாவே உங்களைப் பார்த்துத்தான் அழுதான். வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடவே இல்ல தெரியுமா?"

"எங்க வீட்டுல நல்லாச் சாப்பிட்டானேம்மா. எனக்கு வெச்சிருந்ததை."

படிவத்தில் வெங்காயம் அடிக்கப்பட்டது. மறுநாளிலிருந்து அந்தப் பையன் வரவில்லை. அவனுடைய சார்பில் அவர்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா வந்தாள். அங்கே காலை வேலையை முடித்துவிட்டு, இங்கே வந்து அவனுடைய கருணையையும் செய்துவிட்டுப் போனாள். அவள் ஒருத்திதான் பாத்திரத்தை உள்பக்கமும் கழுவியவள். அன்றிலிருந்து பதினான்கு கேள்விகளிலும் பையனுக்கு முழு மதிப்பெண் விழுந்தது.

ஒருநாள் கண்ணாடி அம்மாள் திடீர்ச் சோதனைக்கு வந்தார். பளபளவென்றிருந்த பாத்திரங்களையும் பால் வெள்ளைச் சுவரையும் பார்த்ததும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்னங்க இது, வீட்டை இப்படியா வெச்சிருப்பீங்க? புள்ளைங்க என்னத்தைக் கத்துக்கும்?"

"அவங்கதாம்மா செஞ்சாங்க."

"அவங்க செய்வாங்க. நீங்கதான் பழைய நிலைமைக்குக் கொண்டுவந்து வெக்கணும். தரையில ஒரு நூல்துண்டு இல்ல. தையல்காரர் வீடுன்னு யாராவது நம்புவாங்களா?"

அறையை மறுபடி அளந்தார்கள். அளவு நாடாவைப் பார்த்ததும் அம்மாளின் முகம் மலர்ந்தது. பூச்சின் மேல் பூச்சாக ஏறியதில் அறை கால் அங்குலம் சுருங்கியிருந்தது. "பரவாயில்லை. போன தடவையை விட ஏழையாத்தான் இருக்கீங்க" என்று தோளைத் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தையல்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் யாராவது வந்து, "அங்கிள், நான் மிதிக்கட்டுமா?" என்றார்கள். எழுந்தால் உட்கார இடமில்லை. தைக்க வேண்டிய துணி மூட்டையாகக் குவிந்தது, வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். துணியே இல்லாமல் கால் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருக்கும், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகள் அந்த வருடம் முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்துதான் படித்தாள். சேவை செய்ய ஏறுகிறவர்களும் செய்துவிட்டு இறங்குகிறவர்களும் அவளை "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லித் தாண்டிப் போனார்கள்.

படியில் உட்கார்ந்து படித்தவள்தான் தேர்வில் ஊரிலேயே முதலாவதாக வந்தாள். தையல்காரர் அன்று தெருவில் பார்த்தவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். அறிமுகமில்லாத ஒரு தபால்காரர்கூடக் கைகொடுத்தார். அப்பாவும் மகளுமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய் விண்ணப்பத்தை நீட்டினார்கள். சேர்க்கை முடிய ஐந்து நாள் இருந்தது.

கருணைப் பிரிவின் ஜன்னலுக்குப் பின்னால் அதே கண்ணாடி அம்மாள். விண்ணப்பத்தைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார்.

"படிப்புல ஐம்பதுக்கு ஐம்பது. கருணையில சைபர்னு இருக்கே?"

"அதுவா? இதோ இருக்கும்மா" என்று தையல்காரர் பெருமையோடு ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். தானே நிரப்பியது. நூறு மணி நேரம் என்று இருந்த இடத்தில் 'பதினோரு வருடம்' என்று எழுதியிருந்தார். ஆறு வயதிலிருந்து அவள்தான் அந்த வீட்டில் தண்ணீர் பிடிப்பதும் பெருக்குவதும் கழுவுவதும்.

"சொந்த வீட்டுல செய்யறது கடமைங்க. கடமைக்கு மார்க் கிடையாது."

"அப்போ வேற எளிய இல்லத்துல போய்ச் செய்யட்டுமாம்மா? அஞ்சு நாள்ல நூறு மணி நேரம் செஞ்சுடுவா. தூங்காமச் செய்வா."

"தாராளமா. ஆனா ஒன்பதாவது விதின்னு ஒண்ணு இருக்கு. செய்யறவங்க, வாங்கிக்கிறவங்களை விட வசதியா இருக்கணும். அப்படி இல்லாட்டி அது கருணையில்ல, வெறும் ஒத்தாசை. உங்களது ஏ கிரேடு. ஏ-வுக்குக் கீழ கிரேடே இல்லியே. அவ யாருக்குன்னு செய்வா?"

"எங்களை பி-யில போட்டுடுங்களேன்?"

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். உண்மையிலேயே மனம் புண்பட்டவரின் பார்வை அது. "எப்படிங்க போடறது? நாங்கதானே அளந்தோம்? உங்க ஏழ்மை முடிஞ்சுபோச்சுன்னா அதுக்கு ஒரு சான்றிதழ் கொண்டு வாங்க. இல்லாததை இருக்கிறதா எழுதச் சொல்றீங்களே. நேர்மைன்னு ஒண்ணு வேண்டாமா?"

மகள் முதல் முறையாக வாய் திறந்தாள். "மேடம், எங்க வீட்டுக்கு வந்த காண்ட்ராக்டர் பையனுக்குக் கருணையில எவ்வளவு?"

"அது ரகசியம்மா. ஆனா சொல்றேன், நாற்பத்தொன்பது. உங்க அப்பா கையெழுத்துதான். ஒரு மார்க் ஏதோ வெங்காயத்தை அடிச்சு எழுதினதுக்குக் குறைஞ்சிருக்கு."

 திரும்பி வரும்போது தையல்காரருக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் இடம் வாங்கிக் கொடுத்த கை. அடுத்த மூன்று நாளும் அவர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டதுபோல் அலைந்தார். வருமானப் பிரிவுக்குப் போனார். உங்கள் ஏழ்மை முடிந்ததாகச் சான்றிதழ் தர வேண்டுமானால் முதலில் அது முடிய வேண்டும் என்றார்கள். விதி என்ன சொன்னாலும் கேட்டுப் பார்ப்போம் என்று மற்ற எளிய இல்லங்களுக்குப் போனார். இருபத்தேழாம் நம்பரில் ஒரு சுமைதூக்குபவரின் மனைவி, "அனுப்புங்கண்ணே, நான் கையெழுத்துப் போடறேன்" என்று கண்ணில் நீர் வரச் சொன்னாள். ஆனால் அவர்கள் வீட்டு மணிநேரங்கள் எல்லாவற்றையும் ஒரு கருணைப் பயிற்சி நிலையம் இரண்டு வருடத்துக்கு மொத்தமாக எடுத்திருந்தது. பயிற்சி நிலையத்துக்கும் போனார். பெருமூச்சு விடுவது எப்படி என்று உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முடியும் வரை காத்திருந்து கேட்டார், இடமில்லை என்றார்கள்.

நான்காம் நாள் பல்கலைக்கழகத்தில் கருணை விழா. எளிய இல்லத் தலைவர்கள் அத்தனை பேரையும் மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். சிரிக்க வேண்டும், பேசக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். துணைவேந்தர் மைக்கைப் பிடித்தார்.

"என்னுடைய காலத்தில் ஏழ்மையைப் பார்க்க நாங்கள் ரயிலேறிப் போக வேண்டியிருந்தது. இன்று நம் மாணவர்கள் காரில் பதினைந்து நிமிடத்தில் போய்விடுகிறார்கள். இது சாதனை அல்லவா? ஏழைகள் நம்முடைய கண்கள். கண்ணை யாராவது இடம் மாற்றி வைப்பார்களா? அது இருக்கிற இடத்திலேயே இருந்தால்தான் நமக்குப் பார்வை. அவர்களை அங்கேயே வைத்துப் பாதுகாப்போம் என்று இந்த நாளில் உறுதி எடுப்போம்."

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. சில பெற்றோர் அழுதார்கள், வெங்காயம் ஏதும் இல்லாமலே. சால்வையோடு உட்கார்ந்திருந்த தையல்காரர் மட்டும் தட்டவில்லை.  எழுந்து நேராக மைக்கிடம் போய்விட்டார்.

"ஐயா, என் பொண்ணு ஊர்லயே முதல் மார்க். அவளுக்கு இங்க ஒரு இடம் கொடுங்க."

 பத்திரிகைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். துணைவேந்தர் முப்பது வருடம் நிர்வாகத்தில் ஊறியவர். ஒரு நொடிதான் திகைத்தார், அடுத்த நொடி தையல்காரரைக் கட்டி அணைத்துக்கொண்டார். "இதோ அறிவிக்கிறேன்! இவருடைய மகளுக்கு இந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் இடம் உண்டு!" மறுபடி எல்லாரும் எழுந்து தட்டினார்கள்.

மறுநாளே கடிதம் வந்தது. தங்கள் மகள் வளாகத்தில் இடம்பெறத் தேர்வாகியுள்ளார், திங்கட்கிழமை காலை முதலாமாண்டு வகுப்பறைக்கு வந்துசேர வேண்டும் என்று இருந்தது. எதிர்வீட்டு அக்கா இனிப்போடு வந்தாள். மகள் மட்டும் கடிதத்தை மூன்று தடவை படித்தாள்.

"அப்பா, இதுல மாணவின்னு எங்கயுமே போடலப்பா."

"ஆபீஸ் கடுதாசின்னா அப்படித்தான் பாப்பா சுத்தி வளைச்சு எழுதுவாங்க. நீ கெளம்பற வழியைப் பாரு."

 சொல்லிவிட்டாரே தவிர, மகளுக்காகத் தைத்த புதுச் சட்டையின் கையை இரண்டு தடவை பிரித்துத் தைத்தார்.

திங்கட்கிழமை அவரும் கூடவே போனார். வகுப்பறையில் கரும்பலகையைப் பார்த்து அறுபது நாற்காலிகள், அறுபதிலும் பிள்ளைகள். பாதிப் பேர் அவருக்குத் தெரிந்த முகம். காண்ட்ராக்டர் மகன் முதல் வரிசையில் இருந்தான். பேராசிரியரின் மேசைக்குப் பக்கத்தில் தனியாக இன்னொரு நாற்காலி, பிள்ளைகளைப் பார்த்தபடி போட்டிருந்தது.

"அதுல உட்காரும்மா. சும்மா உட்கார்ந்தாப் போதும். கேள்வி கேட்டா பதில் சொல்லு" என்றார் கண்ணாடி அம்மாள். பிறகு தையல்காரரிடம் திரும்பி, "மூணு மாடி ஏற முடியலைன்னு நெறையப் பெற்றோர் புகார்ங்க. இப்ப ஏழ்மையையே வளாகத்துக்குக் கொண்டுவந்துட்டோம். பாருங்க, உங்க பொண்ணாலதான் இது நடந்தது" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியரிடம் ஒரு ரசீதை நீட்டினார். எல்லா வகுப்புகளுக்கும் சேர்த்துக் கற்றல் வளங்கள் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. எலும்புக்கூடு ஒன்று, உலக உருண்டை இரண்டு, எளிய இல்ல மகள் ஒன்று. வயதான கணிதப் பேராசிரியர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கண்ணாடி அம்மாள் அடுத்த வகுப்புக்கு எலும்புக்கூடு கொடுக்கப் போய்விட்டார்.

 உள்ளே போய் மகளை இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று தையல்காரரின் ஒரு கால் முன்னே போனது, இன்னொரு கால் வரவில்லை. மகள் அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கினாள். வரிசைகளுக்கு நடுவே நடந்து, கடைசி வரிசைக்கும் பின்னால் கொண்டுபோய்ப் போட்டு, கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அங்க உட்கார்ந்தா இவங்க உன்னை எப்படிம்மா பார்க்கறது?" என்றார் பேராசிரியர்.

"அது அவங்க பாடு சார்."

பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். இந்தக் கருணைப் பாடத்துக்கும் மதிப்பெண் உண்டு, அவளைப் பார்க்காவிட்டால் போய்விடும். காண்ட்ராக்டர் மகன்தான் முதலில் நாற்காலியைத் திருப்பினான். அப்புறம் ஒவ்வொருவராகத் தரையில் கரகரவென்று இழுத்து, அறுபது பேரும் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி அவளைப் பார்த்து உட்கார்ந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

பேராசிரியருக்கு அறுபது முதுகும் ஒரே ஒரு முகமும் தெரிந்தன. கருணையை எப்படி நடத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முகம் ஒன்று தெரிந்ததும் முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகச் சாக்பீஸை எடுத்தது. ஒரு பாலத்தின் மேல் பாரம் இறங்கும் கணக்கைப் போட ஆரம்பித்தார். அவள் விறுவிறுவென்று எழுதிக்கொண்டே வந்தாள். நடுவில் பேனா நின்றது.

"சார், மூணாவது வரியில கழித்தல் வரணும். கூட்டல்னு போட்டிருக்கீங்க. அப்படிக் கட்டினா பாலம் நிக்காது."

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். அழித்துவிட்டுச் சரியாக எழுதினார். இத்தனை வருடத்தில் அந்த வரியை இதுவரை யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"உன் வரிசை எண் என்னம்மா?"

"எனக்கு எண் கொடுக்கல சார்."

அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். அறுபது பெயர்கள் இருந்தன. பேனாவைத் திறந்தார், மூடினார், கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். வெளியாட்கள் நிற்கக் கூடாது என்று பியூன் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"அறுபத்தொண்ணுன்னு போடுங்க சார்" என்றார் தையல்காரர்.

அறுபது பேரும் அதையும் குறித்துக்கொண்டார்கள். பேராசிரியர் எழுதி முடிக்கும் வரை அவர் வாசலை விட்டு நகரவில்லை.